ஏக்-மோர்த்: துறைமுகமாகக் கட்டிய ஊர் கடலை விட்டுத் தள்ளியிருப்பது ஏன்?

கேள்வி (வரைபடப்பிரியன்):
தெற்குப் பிரான்சில், கார் மாவட்டத்தில் உள்ள ஏக்-மோர்த் என்னும் சிறு நகரைப் பற்றிப் படித்து வருகிறேன். 1248-இல் மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்கு இங்கிருந்துதான் கப்பலேறினார் என்கிறார்கள். வரைபடத்திலோ கடற்கரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளித் தெரிகிறது. கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கிவிட்டதா? இன்று அங்கு எத்தனை பேர் வசிக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (கழிமுகம்):
கடல் உள்வாங்கியது என்பது பலரும் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட கதை. ஏக்-மோர்த் எந்தக் காலத்திலும் கடலோரத்தில் இருந்ததில்லை. ரோன் ஆற்றின் கழிமுகச் சதுப்பான கமார்க்கின் மேற்கு விளிம்பில், ஒரு காயலின் கரையில் எழுந்த ஊர் அது. 'செத்த நீர்' என்று பொருள்படும் பெயரே அதற்குச் சாட்சி. கப்பல்கள் காயலையும் கால்வாயையும் கடந்துதான் கடலை அடைந்தன.

இப்படியொரு சேற்று நிலத்தை மன்னர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால், மத்தியதரைக் கடலில் அவருக்கென்று வேறு துறைமுகம் இல்லை. மார்செய் புரோவான்ஸ் கோமகனின் ஆட்சிப் பரப்பில் இருந்தது, மோன்பெலியே அரகோன் அரசரிடம் இருந்தது. அதனால் சல்மோதி மடத்துத் துறவிகளிடமிருந்து இந்த நிலத்தைப் பெற்று, குடியேற வருவோருக்கு 1246-இல் வரிவிலக்குகளை வழங்கினார். சலுகை இல்லாமல் கொசு மண்டிய சதுப்புக்கு யார் வருவார்கள்? 1270-இல் மீண்டும் இங்கிருந்தே புறப்பட்டவர் தூனிஸ் அருகே நோயுற்று இறந்தார்.

கால்வாய்களில் வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே இருந்தது. 1481-இல் புரோவான்ஸ் பிரெஞ்சு முடியாட்சியுடன் சேர்ந்து மார்செய் கைக்கு வந்தபின், தூர் வாரிக்கொண்டிருக்க வேண்டிய இந்தத் துறைமுகத்தின் தேவையும் மங்கியது. ஊரைச் சுற்றி லூயி எழுப்பிய மதில் மட்டும் அப்படியே நிற்கிறது.

மறுமொழி (மதிற்சுவர்):
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். லூயி கட்டியது கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தைத்தான். 1,634 மீட்டர் நீளமுள்ள மதில் அவருடைய மகன் மூன்றாம் பிலிப் காலத்தில் தொடங்கி, பேரன் நான்காம் பிலிப் காலத்தில் முடிந்தது.

அந்தக் கோபுரத்தின் பிற்காலக் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1685-இல் பதினான்காம் லூயி புரோட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமையைப் பறித்தபின் அது சிறையாயிற்று. மரி துரான் என்ற பெண், தன் நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் 1730 முதல் 1768 வரை, 38 ஆண்டுகள் அங்கு அடைபட்டிருந்தார். தளத்தின் நடுவிலுள்ள வட்டத் திறப்பின் கல் விளிம்பில் 'எதிர்த்து நில்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செதுக்கியவர் அவரே என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

மறுமொழி (உப்பளத்தான்):
மக்கள்தொகை இன்று சுமார் 8,500. மதிலுக்குள் இருப்பது பழைய சிறு ஊர் மட்டுமே. பெரும்பாலோர் அதற்கு வெளியே வாழ்கிறார்கள். தொழில் என்றால் சுற்றுலா, திராட்சை, எல்லாவற்றுக்கும் மூத்ததான உப்பு. தெற்கே விரிந்து கிடக்கும் பாத்திகளில் நீர் வற்றி உப்பு இறுகும்போது, துனலியெல்லா சலினா என்ற நுண்பாசியால் அது இளஞ்சிவப்பாக மாறும். மதிலின் மேல் நின்று பார்த்தால் தூரத்து உப்புக் குவியல்கள் வெண்குன்றுகளாகத் தெரியும்.

அந்த அழகான படங்களைப் பகிர்வோர் பெரும்பாலும் தவிர்த்துவிடும் செய்தி ஒன்றுண்டு. 1893 ஆகஸ்டில், உப்பு வாரும் கூலி வேலையில் பிரெஞ்சுத் தொழிலாளருக்கும் இத்தாலியத் தொழிலாளருக்கும் இடையே மூண்ட சண்டை, 17-ஆம் நாள் இத்தாலியர்களை ஒரு கும்பல் துரத்தித் துரத்திக் கொல்வதில் முடிந்தது. அதிகாரபூர்வக் கணக்கே 8 பேர் இறந்ததாகச் சொல்கிறது. வழக்கு அங்குலேம் நகரில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையாயினர்.

வரைபடப்பிரியன்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் வரைபடத்தில் கடலோரமாகத் தெரியும் லெ குரோ-து-ருவா இந்த ஊரின் பகுதிதானா?

கழிமுகம்:
முன்பு அப்படித்தான் இருந்தது. 1879-இல் தனி ஊராட்சியாகப் பிரிந்தது. காயல் நீர் கடலில் கலக்கும் வாயை அப்பகுதியில் 'குரோ' என்பார்கள், ஆக அந்தப் பெயருக்கு 'அரசரின் முகத்துவாரம்' என்று பொருள். ஏக்-மோர்த்திலிருந்து கடலுக்குச் செல்லும் கால்வாய் இன்றும் அவ்வழியாகத்தான் போகிறது.