திருவையாறு ஆராதனையில் தொண்டு செய்ய விரும்புகிறேன்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்

கேள்வி ஞானம் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளான பகுள பஞ்சமியன்று, தியாகராஜ சுவாமிகளின் ஆராதனையில் பாடப்படும் அவருடைய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளின் நேரடி ஒலிபரப்பைச் சிறு வயதிலிருந்தே வானொலியில் கேட்டு வருகிறேனே தவிர, திருவையாற்றுக்கு ஒருமுறைகூடச் சென்றதில்லை. இந்த முறை பந்தலில் ரசிகனாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பாமல், விழா நாள்கள் முழுவதும் அங்கேயே தங்கி ஏதேனும் கைங்கரியம் செய்ய வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். எனக்குப் பாடவோ வாசிக்கவோ தெரியாது. ஊரில் பழக்கமானவர் என்று எவரும் இல்லை. என்னைப் போன்ற வெளியூர்க்காரருக்கு என்ன வேலை கிடைக்கும், வேலைக்கு நடுவில் கச்சேரிகளைக் கேட்க இயலுமா என்று அறிய விரும்புகிறேன். "நாற்காலி தூக்கவா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் கிடைத்தால் நல்லது.

மேடையோரம் எழுதியது:

ஐயா, கச்சேரி கேட்க இயலுமா என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: மேடைப் பக்கம் வேலை கிடைத்தால், ஒரு கீர்த்தனையைக்கூட முழுதாகக் கேட்க முடியாது. அங்கே பாடுகிறவர் எவருக்கும் சன்மானம் கிடையாது. பெயர் பெற்ற வித்வானானாலும் இப்போதுதான் மேடையேறும் மாணவியானாலும் சில நிமிடங்கள்தாம். காலையில் தொடங்கி நள்ளிரவை நெருங்கும்வரை ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருப்பதால், அருகருகே இரண்டு மேடைகள் அமைத்திருப்பார்கள். ஒன்றில் பாட்டு நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த குழுவை உட்காரவைத்து, ஒலிவாங்கிகளைச் சரிசெய்து, இந்தப் பக்கம் மங்கலமாக முடிந்ததும் அந்தப் பக்கம் சுருதி எழும்படி செய்ய வேண்டும்.

இதற்குள் எத்தனை நாடகங்கள்! பாடகி வந்திருப்பார், வயலின்காரர் தஞ்சாவூர்ச் சாலையில் நெரிசலில் சிக்கியிருப்பார். ஆற்றங்கரைப் பனியில் சுருதி இறங்கிவிட்ட மிருதங்கத்தை ஒருவர் கல்லும் கட்டையுமாகத் தட்டிச் சேர்த்துக்கொண்டிருக்க, தம்பூரா எங்கே என்று இன்னொருவர் கேட்பார். பக்கவாத்தியம் வராமல் தவிக்கும் பிள்ளைக்கு, தம் முறை முடிந்து இறங்கிய வயலின் வித்வான் ஒருவர் "நான் வாசிக்கிறேன், வா" என்று மறுபடி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். இந்த அவசரத்தில் தோளோடு தோள் நின்றவர்களிடம் உண்டாகும் பழக்கம் வேறு எங்கும் எனக்கு வாய்த்ததில்லை. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், நாகஸ்வரம் பயிலும் மாணவன் ஒருவன், ஒலிபெருக்கிக் கடைக்காரர் ஒருவர் என்று எங்கள் கூட்டத்தில் எவருக்கும் எவரோடும் வேறு விதத்தில் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் முதல் நாளே போய் இறங்குகிறோம். வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வாழையிலை எழுதியது:

மேடையோரம் ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் நான் ஒப்பமாட்டேன். கேட்க விரும்புகிறவர் சாப்பாட்டுப் பகுதிக்கு வரட்டும். ஒலிபெருக்கி வழியே எல்லாம் தெளிவாக வந்து சேரும், கைக்குத்தான் வேலை, காதுக்கு இல்லை. பூசணிக்காய்க் குவியலைச் சுற்றி அமர்ந்து நறுக்கிக்கொண்டிருக்கும்போது, பாடகர் ராகத்தில் இரண்டு பிடி எடுத்ததும் "பைரவி" என்பார் ஒருவர். "இல்லை, மாஞ்சி" என்பார் மற்றவர். மூன்றாமவர் முகாரியைக் கொண்டுவந்து சேர்ப்பார். பல்லவி தொடங்கும்வரை கத்திகள் நின்றுவிடும். எங்களில் பெரும்பாலும் வெல்பவர், சங்கீதம் முறையாகக் கற்காத, அடுப்படியில் நிற்கும் பெரியம்மா ஒருவர்தாம். கேள்வி ஞானம் ஐயாவுக்கு அந்த வட்டத்தில் நிச்சயம் ஓர் இடம் உண்டு.

பெண்கள் அங்கே வேலை செய்வதிலும் பாடுவதிலும் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1847-இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி பராமரிப்பின்றிக் கிடந்தபோது, தம் பொருளையெல்லாம் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்தச் சன்னிதியிலேயே பெண்கள் பாடக் கூடாது என்று கட்சி கட்டியவர்கள் இருந்த காலத்தில், அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1952-இல் மறைந்த அவருக்கும் அங்கேயே நினைவிடம் இருக்கிறது. பஞ்சரத்னத்தன்று நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி என்று சென்று ஸ்ரீராகத்தில் முடியும்வரை இன்று பெண்களும் வரிசையாக அமர்ந்து பாடுகிறார்கள். அந்த நேரத்தில் மட்டும் நாங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக வந்து நிற்போம்; பந்திக்குத் தாமதமானால் ஆகட்டும்.

குடமுருட்டிக் கரை எழுதியது:

நடைமுறைச் செய்திகள் சில. பகுள பஞ்சமி திதியை ஒட்டி வருவதால் விழா நாள் ஆண்டுதோறும் மாறும். ஆகவே அழைப்பிதழ் வெளியானதும் விழாச் சபையினருக்கு எழுதி, உங்கள் வயதையும் உடலுக்கு ஏற்ற வேலையையும் சொல்லிவிடுங்கள். அறிவிக்காமல் வந்து நின்றாலும் எவரும் விரட்டமாட்டார்கள், ஆனால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் ஒரு நாள் வீணாகும். தங்குமிடம் ஊரில் கிடைப்பது அரிது. தஞ்சாவூரில் அறை எடுத்துப் பேருந்தில் வந்து போகலாம். விடியலில் பனி கடுமை, காதுக்குத் துணி அவசியம்.

பஞ்சரத்ன நாளன்று மட்டும் வந்து, தொண்டர் என்ற பெயரில் முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களை வித்வான்கள் பார்வையை மறைக்காமல் நகர்த்துவதே அன்று எங்களுக்குப் பெரிய வேலை. நீங்கள் தொடக்க நாள் நாகஸ்வரத்துக்கே வந்துவிடுங்கள். நிறைவில் ஆஞ்சநேய உற்சவம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகுதான் ஜமக்காளம் சுருட்டுவது, பாத்திரம் எண்ணுவது எல்லாம். அதுவரை முகம் மட்டும் பார்த்துத் தலையசைத்தவர்கள் பெயர் கேட்டுப் பேசத் தொடங்குவது அப்போதுதான். எனவே திரும்புவதற்கான ரயில் சீட்டை அன்றிரவுக்கு எடுக்காதீர்கள். மறுநாள் பகல் வண்டிக்கு எடுங்கள்.