எஸ் கிளாஸ் ஏர் சஸ்பென்ஷன்: மதுரைப் பக்கம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்

அப்பா ஆசையாக வைத்திருக்கும் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், 2004 மாடல், டபிள்யூ 220 என்ற தலைமுறை. ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள்தான் வண்டியைத் தாங்குகின்றன. மதுரை அண்ணா நகரில் நிற்கிறது. மூன்று வாரமாகக் காலையில் பார்த்தால் முன்பக்கம் இடதுபுறம் படுத்துக்கிடக்கிறது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. ஸ்டார்ட் செய்தால் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடி மெல்லத் தூக்கிவிடுகிறது.

கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் ரிலே மாற்றியாயிற்று. அப்புறம் காற்று எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன்: டியூப் இணைப்பில் ஒன்றுமில்லை, காற்றுப் பை இருக்கும் ஸ்ட்ரட்டின் தலையில் பொடிப்பொடியாக நுரை. இருபது வருட ரப்பர், வயதாகிவிட்டது.

மெக்கானிக் அண்ணன் சுருள் ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்கிறார். அவருக்குக் கைபழகியது முந்தைய தலைமுறை எஸ் கிளாஸான டபிள்யூ 140. அதில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங்தான். 1998-ல் வந்த 220-ல் அது ஏர் சஸ்பென்ஷனாக மாறியது. அந்த மிதப்பு போனால் அப்பாவுக்கு அது வேறு வண்டி. எனக்கு மனசில்லை.

ஏர் ஸ்ட்ரட்டைப் பிரித்து ரப்பர் மாற்றித் தருபவர் மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் யாராவது உண்டா?