மேலறையா, ஏற்பறையா, முன்றிலா?

நெல்லை ஆசிரியை எழுதியது:

அன்புடையீர், வணக்கம். பத்தாம் வகுப்புக்கான இதயப் படத்தில் பெயர்களைக் குறித்துத் திங்கட்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். மேல் அறைகளுக்கு ஆரிக்கிள், கீழ் அறைகளுக்கு வென்ட்ரிக்கிள் என்பவை வெறும் ஒலிபெயர்ப்புகள். மேலறை, கீழறை எளியவைதாம். ஆனால் இடது மேலறை இதயத்தின் பின்புறத்தில் உணவுக்குழாயை ஒட்டிக் கிடக்கிறது, வலது கீழறையோ மார்பெலும்பை அடுத்து முன்புறத்தில் இருக்கிறது; மேல், கீழ் என்பது முழுதும் பொருந்தவில்லை. செயலை வைத்துப் பெயரிட்டால் என்ன? குருதியை ஏற்பது ஏற்பறை, உந்துவது உந்தறை.

தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

அம்மையீர், உந்தறையில் குறையில்லை. உந்து என்பதன் ஈறு குற்றியலுகரமாதலால், 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்னும் நன்னூல் விதிப்படி அது இயல்பாகவே புணர்கிறது. மேலும், வென்ட்ரிக்கிளுக்கு இலத்தீனில் சிறுவயிறு என்பது பொருள். நம்முடைய உந்தியும் கொப்பூழைக் குறிப்பது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஏற்பறையை என்னால் ஏற்க இயலாது; சொல்லும்போது பறைதான் காதில் விழுகிறது. மேலறையைக் குறிக்கும் ஏட்ரியம் என்பது ரோமானியர் வீட்டின் முன்கூடம். இந்திக்காரர்களும் வாயில்முன் திண்ணையைக் குறிக்கும் அலிந்த் என்னும் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு வீட்டு முற்றமாகிய முன்றில் இருக்கையில் எதற்குக் கவலை? இல்முன் என்பது முன்றில் என நிற்பதை இலக்கணப் போலிக்குச் சான்றாகப் பள்ளியிலேயே படித்தோம். வலமுன்றில், இடமுன்றில் என்று எழுதுங்கள். இதயமும் வடசொல்தான், அதற்கு ஈடான நெஞ்சாங்குலையைப் பற்றி இன்னொரு மடலில் விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாண மருத்துவர் எழுதியது:

அன்பின் ஐயா, இதயத்தில் ஆகப் பின்னுக்கு இருக்கும் அறைக்கு முன்றில் என்று பெயர் வைத்தால், தேர்வில் பிள்ளை அதை எங்கே குறிப்பான்? இலங்கைப் பாடநூல்களில் மேலறைக்குச் சோணையறை, கீழறைக்கு இதயவறை என்ற சொற்கள் நெடுங்காலமாக உள்ளன. காதின் தொங்கும் மடலாகிய காதுச்சோணையை எங்கள் வீடுகளில் அறியாதார் இல்லை. ஆரிக்கிள் என்பதும் சிறுகாதே. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இன்றைய உடற்கூற்றியலில் ஆரிக்கிள் என்பது அந்த அறையில் காதுபோல் நீண்டிருக்கும் பகுதிக்கு மட்டுமே உரிய பெயர். ஆசிரியை அவர்களின் செயற்பெயர்களும் முழுதும் பொருந்தவில்லை, ஏனெனில் சோணையறையும் சுருங்கிக் குருதியைக் கீழே தள்ளுகிறது, இதயவறையும் உந்துவதற்கு முன் ஏற்றுக்கொள்கிறது.

எனக்கு அறைகளைவிடக் குழாய்களைப் பற்றியே அச்சம் அதிகம். இதயத்திலிருந்து குருதியை எடுத்துச்செல்லும் குழாயையும் இதயத்துக்குக் கொண்டுவரும் குழாயையும் தமிழகத்தில் தமனி, சிரை என்பர்; நாங்கள் நாடி, நாளம் என்கிறோம். நீங்களோ இரத்த நாளம் என்று எல்லாக் குழாய்களையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். நாளமில்லாச் சுரப்பி என்னுமிடத்தில் அதே சொல் சுரப்பியின் கானையும், அதாவது சுரப்புநீர் செல்லும் குழாயையும், குறிக்கிறது. 'இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் நாளங்கள்' என்று நீங்கள் அச்சிட்டால், எங்கள் மாணவர் அதைப் பிழையென்றே கொள்வர். நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலின்கீழ்த் துடிப்பது எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த வகையில் தமனியை நாடி என்பதே நேர்.

தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

மருத்துவர் ஐயா, சோணை என்றவுடன் எனக்குத் திருவண்ணாமலையின் பெயரான சோணாசலம் நினைவுக்கு வருகிறது. அங்கே சோணம் செந்நிறம். குருதி தங்கும் அறைக்கு அது பொருந்தவே செய்கிறது. ஆனால் உங்கள் சோணை காதிலிருந்து வந்தது, அண்ணாமலையிலிருந்து அன்று என்பதால், இந்த வழியில் மேலும் போக எனக்கே தயக்கமாக இருக்கிறது.

நெல்லை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஈரிதழ், மூவிதழ் வால்வுகளிலும் அரைச்சந்திர வால்வுகளிலும் யாருக்கும் மறுப்பில்லை. வால்வுக்குக் கதவைக் குறிக்கும் கபாடம் வேண்டும் என்று தனிமடலில் எழுதிய நண்பர் பொறுத்தருள வேண்டும்; மாணவர்கள் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் நாள் முதலே வால்வை அறிவார்கள்.

மருத்துவர் சொன்ன பிறகு ஏற்பறையின்மேல் எனக்கிருந்த பிடிப்பு தளர்ந்துவிட்டது. எந்தப் பெயரும் முற்றும் சரியாக அமையாதபோது, பிள்ளைகளுக்குப் பழகிய மேலறை, கீழறையே இருக்கட்டும் என்று நால்வர் எழுதியிருக்கிறார்கள். மனமில்லாமல் நானும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன். இடது மேலறை பின்புறத்தில் உள்ளது என்று படத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். தமனி, சிரை மாறவில்லை; ஆனால் நாளம் வந்த இடமெல்லாம் இரத்தக் குழாய் என்று திருத்தியாயிற்று. சோணையறையும் இதயவறையும் அடைப்புக்குறிக்குள் வரும். படம் இன்று மாலை அச்சகத்துக்குப் போகிறது.

தமிழ்ப் பேராசிரியர் எழுதியது:

போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் முன்றிலை நான் திரும்பப் பெறவில்லை என்பதைக் குழுமம் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் நுழைபவன் முதலில் மிதிக்கும் இடம் முன்றில். குருதி இதயத்துக்குள் முதலில் வந்து சேரும் இடமும் அதுவே. முன் என்பது அங்கே இடத்தை அன்று, காலத்தைச் சுட்டுகிறது. நெஞ்சாங்குலை பற்றிய மடல் நாளை வரும்.