686-க்கு 9 எம்எம் சிலிண்டர் மாட்டலாமா? அப்புறம், மூன் கிளிப்பா ஸ்பீட்லோடரா?

டாலஸ்வாசி
வணக்கம். போன வருடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். நான்கு அங்குலக் குழல், ஆறு தோட்டா போகும் சிலிண்டர் (சுழலும் உருளை), .357 மேக்னம் தோட்டாவுக்கானது. பழகுவதற்கு அதிலேயே போகும் .38 ஸ்பெஷல் தோட்டாதான் போடுகிறேன், ஆனாலும் வாரம் இருநூறு சுட்டால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. 9 எம்எம் தோட்டா விலை குறைவு என்பதால் அதற்கென்று ஒரு சிலிண்டர் வாங்கி, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். துப்பாக்கிச் சந்தையில் ஒருவர் கழற்றிய சிலிண்டர் ஒன்றைக் காட்டி, "ஒரே ஸ்க்ரூதான், பழையதை எடுத்துவிட்டு இதை மாட்டு" என்றார். வீட்டில் கழற்றிப் பார்த்தேன், பக்கத் தகட்டின் முன் ஸ்க்ரூவை எடுத்ததும் யோக்கோடு (சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கை) சிலிண்டர் கையில் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்றுதான் சந்தேகம்.

இன்னொன்று. ஐகோர் (ரிவால்வருக்கென்றே நடக்கும் சுடும் போட்டி) மேட்ச்சில் கலந்துகொள்ள ஆசை. இப்போது கையில் இருப்பது திருகுகிற எச்கேஎஸ் கம்பெனி ஸ்பீட்லோடர் (ஆறு தோட்டாவையும் பிடித்து ஒரே தடவையில் சிலிண்டருக்குள் விடும் பிடிப்பான்) இரண்டு. துப்பாக்கியைக் கொடுத்து, தோட்டாக்களை அடியில் கோத்துப் பிடிக்கும் மூன் கிளிப் தகடு உட்காரும்படி சிலிண்டரின் பின்பக்கத்தை வெட்டிவிடலாமா, இல்லை ஸ்பீட்லோடரிலேயே பழகலாமா?

பழையசக்கரம்
தம்பி, அந்தச் சிலிண்டரை வாங்காதீர்கள். கழன்று வருவது வேறு, பொருந்துவது வேறு. ஒவ்வொரு சிலிண்டரும் அந்தந்த ஃபிரேமில் வைத்துப் பார்த்துப் பொருத்தியது. சிலிண்டரின் பின்பக்கம் நட்சத்திரம் மாதிரி இருக்கிறதே, சுட்ட கூட்டை (காலித் தோட்டா உறையை) வெளியே தள்ளுவதும் அதுதான், அதில் ஆறு பல். டிரிக்கரை இழுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சிறு நெம்புகோல் வந்து ஒரு பல்லைத் தள்ளுகிறது, சிலிண்டர் ஒரு அறை திரும்புகிறது. ஒரு பல் மயிரிழை தேய்ந்திருந்தால்கூட, மற்ற ஐந்து அறையும் சரியாகப் பூட்டும், அந்த ஒன்று மட்டும் குழலுக்கு நேராக வருவதற்குள் சுத்தியல் விழுந்துவிடும்.

நான் பட்டது இது. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே ஃபிரேம் ரிவால்வர் ஒன்றுக்கு இதே மாதிரி சந்தையில் ஒரு சிலிண்டர் வாங்கி மாட்டினேன். வெறுமனே சொடுக்கிப் பார்த்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரேஞ்சில் இரண்டாவது சுற்றிலேயே பக்கத்தில் நின்றவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார், பார்த்தால் ஈயச் சீவல், நகக்கண் அளவு, தோலில் குத்தி நிற்கிறது. குண்டு குழலின் விளிம்பில் உரசிச் சீவிக்கொண்டு போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்தேன். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு இடைவெளி, வழக்கமாக இருக்க வேண்டியது 4 முதல் 8. அன்றைக்கே அதை எடுத்து வைத்தவன்தான், மறுபடி மாட்டவில்லை. அவர் கண்ணாடி போட்டிருந்தார், அதுவரைக்கும் நல்லது.

இரண்டு சிலிண்டர் வேண்டும் என்றால் தொழிற்சாலையிலேயே ஜோடியாகப் பொருத்தி வருவதை வாங்குங்கள். ரூகர் பிளாக்ஹாக் கன்வர்ட்டிபிள் .357-க்கும் 9 எம்எம்முக்கும் வருகிறது, .45 கோல்ட்டுக்கும் .45 ஏசிபிக்கும் வருகிறது. கூடுதல் சிலிண்டரின் முகப்பில் துப்பாக்கியின் தொடர் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைப் பொறித்திருப்பார்கள், பழையதாக வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள். எண் சேரவில்லை என்றால் எவனோ எதையோ கலந்திருக்கிறான். ஆனால் அது ஒற்றைச் செயல் துப்பாக்கி (ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டும்), பக்கவாட்டு வாசலில் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும், உங்கள் மேட்ச்சுக்கு ஆகாது. இரட்டைச் செயலில் (டிரிக்கரை இழுத்தாலே சுத்தியல் எழுந்து விழும்) வேண்டுமென்றால் டாரஸ் 692 பாருங்கள், ஏழு தோட்டா, ஒரு பட்டனை அழுத்தினால் சிலிண்டர் கழலும், 9 எம்எம் சிலிண்டருக்கு மூன் கிளிப்.

அரைநிலா
மூன் கிளிப் பக்கம் நான் பேசுகிறேன், பதினைந்து வருடமாக .45 ஏசிபி போடும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625 தான் சுடுகிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் யாருக்கு ஏற்றது என்பதும் புரியும். 1917-இல் அமெரிக்க ராணுவத்துக்கு 1911 பிஸ்டல் போதவில்லை, கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் அதே .45 ஏசிபி தோட்டாவுக்கு ரிவால்வர் செய்து கொடுத்தன. அந்தத் தோட்டாவுக்கு வெளியே நீட்டும் விளிம்பு கிடையாது, நட்சத்திரம் பிடித்துத் தள்ள ஒன்றுமில்லை. அதற்காக மூன்று மூன்றாகக் கோத்துப் பிடிக்கும் தகடு வந்தது, அரை நிலா. ஆறையும் சேர்த்துப் பிடிக்கும் முழு நிலா அப்புறம் வந்தது. ஆக, விளிம்பில்லாத தோட்டாவுக்கு இது அவசியம், விளிம்புள்ள .38-க்கு இது வசதி மட்டுமே.

ஆனால் என்ன வசதி! ஆறும் ஒரே கட்டியாக உள்ளே போகிறது, ஒரே கட்டியாக வெளியே வருகிறது. ரிவால்வர் வேகச் சுடுதலில் பேர்போன ஜெர்ரி மிக்குலெக் 1999-இல் 625-ஐ வைத்து ஆறு சுட்டு, மாற்றி, மறுபடி ஆறு சுட்டு எல்லாம் 2.99 நொடியில் முடித்தார். .45 ஏசிபி குட்டையாக, முனை உருண்டையாக இருப்பதால் அறைக்குள் தானாக வழுக்கிக்கொண்டு விழும். .38 நீளம், கிளிப்பில் தலையாட்டும், அதிலும் ஒவ்வொரு கம்பெனிக் கூட்டுக்கும் அடியில் கிளிப் பிடிக்கும் பள்ளத்தின் அளவு வேறு வேறாக இருப்பதால் ஒன்றில் இறுக்கமாக இருக்கிற கிளிப் இன்னொன்றில் தொளதொளக்கும். வெட்டுவதாக இருந்தால் முதலில் ஒரே கம்பெனிக் கூடு என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற தடிமனில் கிளிப் வாங்குங்கள்.

வளைந்த கிளிப்தான் எதிரி. மேட்ச் நடுவில் டிரிக்கர் கல் மாதிரி ஆகி நின்றிருக்கிறேன், சட்டைப்பையில் போட்டு உட்கார்ந்ததில் ஒரு மூலை வளைந்து பின் தகட்டில் உரசியிருக்கிறது. இப்போது முந்தின இரவே காலிக் கிளிப் ஒவ்வொன்றையும் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்க்கிறேன், ஆடினால் குப்பைத்தொட்டி. தோட்டா கோத்த பிறகு, ரேஞ்சில் துப்பாக்கியை இலக்குப் பக்கம் வைத்து, சிலிண்டரில் போட்டு விரலால் சுற்றிப் பார்க்கிறேன்.

நெல்லைக்காரர்_ஓஹாயோ
அரைநிலா அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேட்டவர் வாரம் இருநூறு சுடுகிறவர், முதல் மேட்ச் இன்னும் போகவில்லை. அவருக்கு ஸ்பீட்லோடர்தான் என்பேன்.

கிளிப்பில் தோட்டா கோப்பதும் சுட்ட கூட்டைப் பிடுங்குவதும் தனி வேலை, கருவி இல்லாமல் கையால் செய்தால் கட்டைவிரல் புண்ணாகிவிடும். ஸ்பீட்லோடருக்கு அந்தத் தொல்லை இல்லை, பையில் எப்படிப் போட்டாலும் வளையாது. திருகுகிற எச்கேஎஸ் மெதுவாக இருக்கிறது என்றால் சேஃபாரிலேண்ட் காம்ப் வாங்குங்கள், நேராக அழுத்தினால் நட்சத்திரத்தில் முட்டி விட்டுவிடும். அதற்கு முன் இடது பக்கப் பிடிக்கட்டையைப் பாருங்கள். தடிப்பான ரப்பர் பிடி என்றால் ஸ்பீட்லோடர் அதில் இடித்து ஒரு தோட்டா சாய்ந்து நிற்கும், பலரும் அதை ஸ்பீட்லோடர் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காலி செய்யும்போது குழலை வானத்துக்கு நிமிர்த்தி, சிலிண்டரின் முன்னால் நீட்டும் கம்பியை உள்ளங்கையால் ஒரே அடி. சாய்வாக வைத்து மெதுவாகத் தள்ளினால் ஒரு கூடு நட்சத்திரத்துக்கு அடியில் புகுந்துகொள்ளும், அதை எடுப்பதற்குள் மேட்ச் போய்விடும். ஐகோரில் கிளாசிக் பிரிவு ஆறு தோட்டா, ஸ்பீட்லோடர்க்காரர்களுக்கானது. உங்கள் 686 அப்படியே போதும்.

டாலஸ்வாசி
எல்லோருக்கும் நன்றி. சந்தைச் சிலிண்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று ஃபீலர் கேஜ் வாங்கி என் 686-இன் ஆறு அறையையும் பார்த்தேன், ஆயிரத்தில் 6, எல்லாவற்றிலும் ஒரே அளவு. ரப்பர் பிடியைக் கழற்றி மெல்லிய மரப்பிடி போட்டதும் பழைய எச்கேஎஸ்கூட இடிக்காமல் போகிறது. காம்ப் நான்கு சொல்லியிருக்கிறேன். .38-ஐ நானே கூட்டில் மருந்து போட்டு அடைக்கக் கற்றுக்கொண்டால் செலவு எவ்வளவு குறையும்?

பழையசக்கரம்
சுட்ட கூட்டையெல்லாம் பொறுக்கி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பாதி வேலை முடிந்தது, கூடுதான் அதில் விலை. எத்தனை இருக்கிறது, எந்தக் கம்பெனி என்று எழுதுங்கள்.