குச்சிக்கிழங்குக் காட்டில் வெளிநாட்டுக் குளவியை விடலாமா?

அரூர் விவசாயி:
எங்கள் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், குருத்தெல்லாம் சுருண்டு, மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. மருந்தடித்தாலும் சில நாளில் மறுபடி ஏறிவிடுகிறது. ஒட்டுண்ணிக் குளவியை விடச் சொல்கிறார்கள். அப்பா ஒப்பவில்லை. ஆஸ்திரேலியாவில் 1935-இல் கரும்பு வண்டுக்காகத் தேரையைக் கொண்டுவந்து விட்டு, இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறார்களே, இங்கும் அப்படி ஆகாதா?

பாப்பிரெட்டிப்பட்டி அக்கா:
அப்பா பயப்படுவது நியாயம்தான் தம்பி. ஆனால் அந்தத் தேரை வாய்க்கு எட்டிய எதையும் விழுங்கும். கரும்பின் உச்சியில் இருந்த வண்டுதான் எட்டவில்லை. தேரையைத் தின்ற பாம்பும் பல்லியும் நஞ்சேறிச் செத்தன. அனகைரஸ் லோபெசி என்ற இந்தக் குளவி மரவள்ளி மாவுப்பூச்சியைத்தான் தேடிப் போய், அதன் உடலுக்குள் முட்டையிடும். இரண்டுக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970-களில் அந்தப் பூச்சி ஆப்பிரிக்காவில் புகுந்து கிழங்கை அழித்தபோது, 1981-இல் பராகுவேயில் இந்தக் குளவியைக் கண்டறிந்து கொண்டுபோனார்கள். நம் நாட்டில் பூச்சி 2020-இல் திருச்சூரில் தென்பட்டது. பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, பெங்களூரில் அடைத்து வைத்துச் சோதித்த பிறகே, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

எங்கள் காட்டில் குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். மாவுப்பூச்சி உப்பி, பழுப்பேறி, இறுகிக் கிடந்தது. அதில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. உள்ளேயே தின்று வளர்ந்த குளவி வெளியேறிய வழி அது. அதைப் பார்த்த அன்றே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

குளவியை விட்டபின் மருந்தைத் தொடாதே. முதலில் சாவது குளவிதான். எறும்பையும் கவனி. மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நின்று குளவியை அண்டவிடாது.

பர்கூர் மாந்தோப்பு:
எந்த மாவுப்பூச்சி என்று முதலில் பாருங்கள். உடல் இளஞ்சிவப்பாக இருந்தால் அக்கா சொன்னதுதான். மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். அதுவும் மரவள்ளியில் ஏறும். அதற்கென்று 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவி வேறு.

அரூர் விவசாயி:
பார்த்துவிட்டேன் அண்ணா, இளஞ்சிவப்புதான். அக்கா, பக்கத்துக் காட்டுக்காரர் விடாமல் மருந்தடிக்கிறாரே?

பாப்பிரெட்டிப்பட்டி அக்கா:
நேரில் போய்ப் பேசு. குளவி வரப்பு பார்க்காது, அவர் காட்டுக்கும் பறந்து போகும். அது அவருக்கும் லாபம் என்று எடுத்துச் சொல். அடுத்த நடவுக்குக் கரணையை, அதாவது நடும் தண்டுத் துண்டை, பூச்சி இல்லாத செடியிலிருந்தே வெட்டுங்கள், இரண்டு பேருமே. கரணையோடு தொற்றிக்கொண்டுதான் இது ஊர்விட்டு ஊர் போகிறது.