உப்பு போட்டால் கெட்டியாகிறது, இன்னும் போட்டால் தண்ணீராகிறது. ஏன்?

ஈரோட்டுக்காரி:
பாத்திரம் துலக்கும் திரவம் வீட்டிலேயே கலந்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். நுரை தரும் சோப்பு மூலப்பொருளான எஸ்.எல்.இ.எஸ். பசை 1 கிலோவை 9 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, பிறகு உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். 300 கிராம் உப்பு வரை தண்ணீராகவே கிடந்தது. 450 கிராமில் தேன் போல வந்தது. "இன்னும் ஒரு கை போடு" என்றார் மாமியார். போட்டேன். 650 கிராம் ஆனபோது மறுபடியும் தண்ணீர்! உப்பு எப்படி ஒன்றைக் கெட்டியாக்கும்? ரசத்தில் போட்டால் ரசம் கெட்டியாகிறதா என்ன?

சோப்புக்கடை:
உப்பு மீறிவிட்டது. உப்பில்லாத எஸ்.எல்.இ.எஸ். கரைசல் தனியாகக் கலந்து சிறிது சிறிதாகச் சேருங்கள், திரும்பிவிடும். மாமியார் பேச்சைச் சமையலுக்கு மட்டும் கேளுங்கள்.

பழைய ஆய்வகத்தான்:
வைத்தியம் சரி. ஆனால் ரசத்துக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டீர்களே.

ரசத்தில் மைசெல் இல்லை. உங்கள் வாளியில் இருக்கிறது. எஸ்.எல்.இ.எஸ். மூலக்கூறுக்கு எதிர்மின் தலை, எண்ணெய் போன்ற வால். வால்கள் தண்ணீருக்கு அஞ்சி உள்ளே பதுங்க, தலைகள் வெளியே நிற்கும் சிறு உருண்டைதான் மைசெல். தலைகள் ஒன்றையொன்று விலக்குவதால் ஒவ்வொன்றும் அகலமாக இடம் பிடிக்கிறது. அதனால்தான் உருண்டை.

இதன் 12 கார்பன் வாலின் கன அளவு 0.35 கன நானோமீட்டர், நீளம் 1.67 நானோமீட்டர். வகுத்தால் 0.21 சதுர நானோமீட்டர். தலை பிடிக்கும் இடம் இதைப்போல் 3 மடங்குக்கு மேல் இருந்தால் உருண்டை, 2 முதல் 3 மடங்கானால் கம்பு போன்ற உருளை, அதற்கும் கீழே போனால் தட்டு. 1976-இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் என்ற மூன்று விஞ்ஞானிகள் போட்ட கணக்கு இது. உப்பின் நேர்மின் சோடியம் அயனிகள் தலைகளுக்கிடையே புகுந்து விலக்கத்தை மறைக்கின்றன. தலைகள் நெருங்க, உருண்டை கம்பாகிறது.

கம்பு ஏன் நீள்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அதன் இரு முனைகளும் அரை உருண்டைகள். நெருங்கி நிற்க விரும்பும் தலைகளுக்கு அந்த வளைவு ஆகாது. இரண்டு கம்புகள் முனையோடு முனை சேர்ந்தால் இரண்டு முனைகள் குறைகின்றன. எனவே சேர்ந்துகொண்டே போய், நீண்டு, புழுப்போல் வளைந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. உங்கள் தேன் அந்தச் சிக்கல்தான். இவை ஓயாமல் அறுந்து ஒட்டவும் செய்யும், சூடேறினால் குட்டையாகிவிடும்.

உப்பு மேலும் ஏறினால் முனை பக்கத்துக் கம்பின் உடலில் போய் ஒட்டிக் கிளை விடுகிறது. அந்தக் கிளைச்சந்திகள் கம்பின் மேல் வழுக்கி நகரக்கூடியவை. சிக்கலை அவிழ்க்காமலேயே திரவம் ஓட வழி கிடைத்துவிடுகிறது. உங்கள் வாளி தெளிவாக இருக்கிறதா, கலங்கிவிட்டதா? தெளிவென்றால் கிளைதான். கலங்கியிருந்தால் சோப்பே பிரியத் தொடங்கிவிட்டது.

நான் படித்த காலத்தில் சிடாப் என்ற இன்னொரு சோப்பு வகைப் பொருளின் கரைசலில் சோடியம் சாலிசிலேட் என்ற உப்பைப் போடுவோம். குடுவையைச் சுழற்றிச் சட்டென்று நிறுத்தினால், உள்ளே இருக்கும் காற்றுக்குமிழிகள் ரப்பரில் கட்டியதுபோல் பின்னோக்கி ஓடிவரும். பேராசிரியர் வருவதற்குள் பத்து முறையாவது செய்து பார்ப்போம்.

ஈரோட்டுக்காரி:
தெளிவாகத்தான் இருந்தது. சோப்புக்கடை சொன்னபடி செய்தேன், தேன் திரும்பிவிட்டது. பாட்டிலைச் சுழற்றி நிறுத்தினேன். குமிழிகள் கொஞ்சமாகப் பின்வாங்கின! ஆனால் எலுமிச்சை வாசனை ஊற்றியதும் மறுபடி இளகிவிட்டது. இதுவும் தலைக் கணக்கா?

பழைய ஆய்வகத்தான்:
இல்லை, இது வயிற்றுக் கணக்கு. அதில் லிமோனீன் போன்ற எண்ணெய் இருந்தால், அது வால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து உள்ளே உப்பவைக்கும். கம்பு மறுபடி உருண்டையாகப் பார்க்கும். அடுத்த முறை வாசனையை முதலில் ஊற்றிவிட்டு உப்பைக் கடைசியில் போடுங்கள்.