வீட்டில் பிசிறு வெட்டும் பிள்ளையும் ஐ.நா. உடன்படிக்கையும்

கேள்வி: பல்லடத்து ஆசிரியை

திருப்பூரை அடுத்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி காலையில் முதல் இரண்டு பாடவேளைகளிலும் தூங்கி வழிகிறாள். ஒப்பந்தக்காரர் பனியன் கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும் உருப்படிகளுக்கு, தாயுடன் அமர்ந்து இரவு பதினொரு மணி வரை பிசிறு, அதாவது தையலில் நீட்டி நிற்கும் நூலை, வெட்டுவதாகச் சொன்னாள். தாயை அழைத்துப் பேசியபோது, "எங்க வீட்டு வேலையத்தானுங்க டீச்சர் செய்யறா, சட்டமே அதுக்கு விட்டிருக்குதுங்களே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய வேலையைப் பற்றி என்ன சொல்கிறது? அதை இங்கே யாரிடமாவது காட்டிப் பேச முடியுமா?

பதில்: கோவை வழக்கறிஞர்

அந்தத் தாய் சொன்னதில் பாதி உண்மை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தச் சட்டம், 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று தடுத்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளிக்கிறது. பலரும் அத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். 2017இல் வந்த விதிகளின்படி, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை பிள்ளை உதவவே கூடாது; அந்த உதவி படிப்பைக் கெடுக்கக் கூடாது; குடும்பத்துக்கு வருமானம் தரும் உற்பத்திச் சங்கிலியின் எந்தக் கட்டத்திலும் அது இருக்கக் கூடாது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசிச் செய்யும் பிசிறு வெட்டு, என் கருத்தில், இந்த மூன்றையுமே மீறுகிறது.

உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு, பிள்ளைகள் எந்த வேலையையும் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. பொருளாதாரச் சுரண்டலிலிருந்தும், கல்விக்கு இடையூறான அல்லது உடல்நலத்துக்குக் கேடான வேலையிலிருந்தும் காக்கச் சொல்கிறது. வேலை வாங்குபவர் அயலாரா, பெற்றவரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஓய்வும் விளையாட்டும் 31ஆம் பிரிவில் தனி உரிமைகளாகவே நிற்கின்றன. ஆயினும் 1992 டிசம்பரில் இந்தியா சேர்ந்தபோது, 32ஆம் பிரிவைப் படிப்படியாகவே நிறைவேற்ற இயலும் என்ற அறிவிப்போடுதான் சேர்ந்தது. குறைந்தபட்ச வயது பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 138ஆம் உடன்படிக்கையையே 2017இல் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தப் பழைய தயக்கத்துக்கு இன்னும் என்ன வேலை என்று நான் கேட்பதுண்டு.

பன்னாட்டு உடன்படிக்கை இங்கே தானாகவே சட்டமாகிவிடாது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில், அதற்கு முரண்படாத உடன்படிக்கையைத் துணைகொண்டு அடிப்படை உரிமைகளுக்குப் பொருள் காணலாம் என்று பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது. ஆகவே தாயிடம் விதிகளைச் சொல்லுங்கள். உடன்படிக்கையை அதிகாரிகளிடம் பேசும்போது எடுங்கள்.

பதில்: அவினாசிக்காரன்

நானும் பிசிறு வெட்டி வளர்ந்தவன்தான். வழக்கறிஞர் ஐயா சொல்வது சரியென்றாலும், பிள்ளையின் கை நின்றால் அந்த வீட்டில் உருப்படி குறையும், அந்த வாரக் கூலியும் குறையும் என்பதை மறந்து பேசக் கூடாது. அதே உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, பிள்ளையின் வாழ்க்கைத் தரத்துக்குப் பெற்றோர் முதற்பொறுப்பு என்று சொன்ன கையோடு, அவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் முறை தவறும் பெற்றோருக்குத் தண்டனை கிடையாது என்று சட்டமே விட்டிருப்பதால், தாயை மிரட்டாமல், மூட்டை இறக்குபவரைக் கேளுங்கள். இரவில் இறக்கி விடியலில் எடுப்பேன் என்று அவசரம் வைப்பவர் அவர்தான்.

பதில்: கோபி வாசகி

இன்னொன்றையும் கவனியுங்கள், டீச்சர். உடன்படிக்கைக்கு 18 வயது வரை அவள் குழந்தை. நம் சட்டத்திலோ 14 நிறைந்தால் ஆபத்தில்லாத வேலைக்கு அனுப்பலாம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் மில் விடுதிக்கு ஆள் சேர்ப்பவர்கள் வீடு தேடி வரும் ஊர்கள் நம் பக்கத்தில் உண்டு. மாணவி முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமையாசிரியர் தகவல் தர வேண்டும் என்றும் அதே 2017 விதிகளில் இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம்.

பல்லடத்து ஆசிரியை

மூவருக்கும் நன்றி. பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்வதால், இன்று அவளிடமே கேட்டேன். அம்மாவுக்குக் கண் மங்கலாகத் தெரிவதால் கருப்பு நிற உருப்படிகளை மட்டும் தானே வெட்டுவதாகச் சொன்னாள். கண்ணாடி வாங்கித் தந்தால் அம்மாவே எல்லாவற்றையும் வெட்டிவிடுவாராம். சனிக்கிழமை தாயைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். ஒப்பந்தக்காரர் திங்கட்கிழமை மாலை வருவாராம், அப்போது நானும் அங்கே இருப்பேன்.